பூட்டிய வீட்டுக்குள் ஓடிய கம்ப்யூட்டர்

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு மாலை, பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்தேன். என் கணவர் எனக்கு முன்பே வந்து மகளின் அறையில் உட்கார்ந்திருந்தார். காலையில் போட்டுப்போன சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மேஜை மேல் சாப்பாட்டுப் பாத்திரம் திறக்காமல் இருந்தது.

"சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க" என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

"ஒரு சர்டிபிகேட் விஷயம். விசாரணை முடியட்டும். யார்கிட்டயும் சொல்லாத. பிள்ளைகிட்டயும் சொல்லாத."

அவர் ஒரு அரசு அலுவலகத்தில் இருபத்து நான்கு வருடங்களாக வேலை பார்ப்பவர். நான் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்களுக்கு ஒரே மகள். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிக் கட்டடக்கலை படிக்கிறாள், இரண்டாம் வருடம். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் வீடுகள் எல்லாம் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் மூன்று வீட்டில் தும்முவார்கள். தெருக்கோடியில் விசைத்தறிக் கூடம். என் கணவரை அந்தத் தெருவில் 'ஆபீஸர் அண்ணாச்சி' என்பார்கள். குடிவந்த புதிதில், "நான் ஆபீஸர் இல்ல, அங்கன எழுதுத ஆளு" என்று இரண்டு மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. பிறகு அவரும் சொல்வதை விட்டுவிட்டார். சாதிச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா என்று எது வேண்டுமானாலும் வழி கேட்க அவரிடம்தான் வருவார்கள். அப்படிப்பட்டவர் பகல் நேரத்தில் வீட்டில் இருந்தால் முதல் நாளே கேள்வி வரும்.

உத்தரவில் அனுமதியில்லாமல் வெளியூர் போகக்கூடாது என்று இருந்தது. எங்காவது போய் இருக்கவும் வழியில்லை. "உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டு இருந்துக்கிடுதேன். சத்தம் காட்ட மாட்டேன்" என்றார். உள்தாழ்ப்பாள் போட்டால் வெளியே பூட்டு தொங்காதே, நான் வேலைக்குப் போனபின் பூட்டில்லாத கதவைப் பார்த்தால் ஆள் இருப்பது தெரியாதா என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது என்னவென்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. பூட்டலாம் என்று சொன்னவள் நான்தான்.

மறுநாளிலிருந்து அப்படித்தான் நடந்தது. வண்டியை வாசுதேவநல்லூரில் இருக்கும் என் தம்பியிடம் ஏதோ காரணம் சொல்லிக் கொடுத்துவிட்டோம். என் கணவர் இப்போதெல்லாம் விடியுமுன்பே பஸ்ஸில் போய்விடுகிறார் என்று எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லிவைத்தேன். எட்டு இருபதுக்கு அவருக்கு மதியச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு, கதவை இழுத்துப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நடப்பேன். மாலை நாலே முக்காலுக்குத் திறப்பேன். வீட்டின் பின்பக்கம் துணி துவைக்கும் இடமும் குளியலறையும் உண்டு. சுற்றிலும் உயரமான சுவர். அந்த வழியாக வெளியே போக முடியாது. பகலில் அவர் டிவி போடுவதில்லை, குழாயை முழுதாகத் திறப்பதில்லை, தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாராம். தறி ஓடுகிற வரைக்கும் பரவாயில்லை என்பார். கரண்ட் போய்த் தறி நின்றால் தெருவே ஊமையாகிவிடும். அப்போது நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பாராம்.

மகளின் அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அவள் கல்லூரியில் சேர்வதற்கு முந்தைய விடுமுறையில் அப்பாவும் மகளும் சேர்ந்து தாங்களே கட்டியது. பாகங்களை ஆன்லைனில் ஒவ்வொன்றாக வரவழைத்து, ஹாலில் பாயை விரித்து இரண்டு நாள் உட்கார்ந்து பூட்டினார்கள். மதர்போர்டோடு வந்த குறிப்புப் புத்தகத்தை அவர் அரசாணை படிப்பதுபோல் ஒரு வரி விடாமல் படித்தார். மகள் சிரித்தாள். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த பெட்டி. கல்லூரிக்குப் போனபிறகு அங்கே லேப்டாப்தான் வேண்டும் என்றார்கள். அதனால் பெரிய கம்ப்யூட்டர் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு இங்கேயே கிடந்தது.

முதல் வாரம் அவர் சும்மா இருந்தார். இரண்டாவது வாரம் ஒருநாள் நான் கதவைத் திறந்தபோது அறைத் தரையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் பெட்டியைப் படுக்க வைத்திருந்தார். உள்ளேயிருந்த வயர் அத்தனையும் வெளியே கிடந்தது.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. உள்ள வயரெல்லாம் கண்டபடி கெடந்துச்சு. கண்ணாடி வழியா பாத்தா அசிங்கமா இருக்கு. அன்னைக்கு அவசரத்துல கட்டுனது."

அந்த வேலை ஒன்பது நாள் நடந்தது. ஒவ்வொரு வயரையும் அதற்கென்று இருக்கும் ஓட்டை வழியாகப் பின்பக்கம் கொண்டுபோய், வளைத்து, மறுபடி முன்னால் எடுத்து, கறுப்புப் பட்டையால் கட்டுவார். எல்லாம் முடிந்தது என்பார். மறுநாள் வந்து பார்த்தால் திரும்பவும் எல்லாவற்றையும் பிரித்திருப்பார். ஒரு வயரின் வளைவு மற்றதோடு ஒத்துவரவில்லை என்பார். இருபத்து நான்கு கம்பி உள்ள தடித்த வயர் ஒன்று உண்டு. அதைச் சீப்பால் வாரிவிட்டதுபோல் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக நிறுத்தியிருந்தார். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. அவர் முகத்திலும் ஒரு தெளிச்சி. எனக்கும் ஆறுதலாக இருந்தது. சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கு இது மேல் என்று நினைத்தேன்.

அதன்பிறகுதான் வேகத்தைக் கூட்டுகிற வேலை தொடங்கியது. ஓவர்கிளாக் என்றார். "இந்தச் சிப்போட வேகத்த கம்பெனிக்காரன் ஒரு அளவுல நிறுத்தித்தான் குடுப்பான். அதுக்கு மேலயும் போகும். நாமதான் கொஞ்சங் கொஞ்சமா ஏத்தணும். ஏத்துனா சூடாகும். சூடு தாங்குதா, விழுந்துருதான்னு பாக்கணும்."

"விழுந்தா?"

"நீலக் கலர்ல திரை வரும். இல்லன்னா அப்படியே அணைஞ்சிரும். திரும்ப ஒரு படி எறங்கணும்."

மகள் விட்டுப்போன வரைபடத் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எழுதிவைத்தார். வேகம், வோல்டேஜ், சூடு, எத்தனை நிமிடம் நின்றது. ஒவ்வொரு வரிக்கும் கடைசியில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டிருந்தார். அலுவலகப் பழக்கம். பரிசோதிப்பதற்கு ஒரு புரோகிராம் உண்டு. அது எந்தப் பயனும் இல்லாமல் ஏதோ கணக்கைப் போட்டுக்கொண்டே இருக்கும். சிப்பை மூச்சு முட்ட வேலை வாங்குவதுதான் அதன் நோக்கம். ஒரு மணி நேரம் விழாமல் நின்றால் அந்தப் படி தேறியது. எண்பது டிகிரி, எண்பத்தெட்டு, தொண்ணூறு என்று திரையில் எண் ஏறுவதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இதுல நீங்க என்ன வேலதான் செய்யப் போறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேல ஒண்ணும் இல்ல. நிக்குதான்னு பாக்கேன்."

மாலையில் கதவைத் திறக்கும்போதே அவர் முகத்தை வைத்து எனக்குத் தெரிந்துவிடும், அன்று அது நின்றதா விழுந்ததா என்று. விழுந்த அன்று மதியச் சாப்பாடு அப்படியே இருக்கும். அவர் இளைத்துக்கொண்டே வந்தார். விசாரணை பற்றி நான் பேச்செடுத்தால், "வரும் வரும்" என்று மட்டும் சொல்வார். அலுவலகத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வந்து ஒரு கவரைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் போனார். ஃபார்மாலிட்டி என்றார் என் கணவர். வந்தவர் தூரத்துச் சொந்தம் என்று எதிர்வீட்டு அக்காவிடம் நான் சொன்னேன். பொய் சொல்வது எனக்குக் கைவந்துகொண்டிருந்தது.

ஆடி பிறந்தது. கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா பார்க்க வருகிறோம் என்று வழக்கம்போல் சொந்தக்காரர்கள் போன் செய்தார்கள். வீட்டில் குழாய் வேலை நடக்கிறது, இந்த வருடம் வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். வெளியே காற்று புழுதியை வாரி அடித்தது. ஆனால் அந்த அறைக்குள் காற்றே இல்லை. ஜன்னல் தெருவைப் பார்த்தது. அதனால் எப்போதும் சாத்தியே இருந்தது. கம்ப்யூட்டர் விடும் சூட்டில் அறை அடுப்படிபோல் ஆகிவிட்டது. ஹாலில் இருந்த ஏர்கூலரை அவர் உள்ளே நகர்த்திக்கொண்டார். மேஜை ஃபேன், கூலர், திரை, கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். அந்த பாக்ஸின் வயர் நீளமானது. தரையில் கிடந்தது அவர் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். அதைச் சின்ன வளையமாகச் சுருட்டி, இறுக்கக் கட்டி, பாக்ஸோடு சேர்த்து ஒரு செருப்பு அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடி, மேஜைக்கடியில் கட்டிலோரமாகத் தள்ளிவிட்டார். வயர் போக மட்டும் அட்டையில் சின்னத் துளைகள். அறையில் ஒரு வயர்கூடக் கண்ணில் படவில்லை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லாருக்கு" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை மாலை, கத்தரிக்கோல் தேடி அவருடைய அலமாரியைத் திறந்தேன். மதர்போர்டு வந்த காலிப் பெட்டிக்குள் அந்தக் கவர் இருந்தது. எடுத்துப் படித்தேன். ஒரு கிராமத்தில் ஒருவர் இறந்துபோக, வாரிசுச் சான்றுக்கு மனு வந்திருக்கிறது. மகன்கள் இரண்டு பேர் என்று என் கணவர் அறிக்கை எழுதியிருக்கிறார். நேரில் சென்று, அக்கம்பக்கத்தில் விசாரித்ததாகவும் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த மனிதருக்கு ஒரு மகளும் உண்டு. அவள் உயிரோடுதான் இருக்கிறாள். அவள் பெயரே இல்லாத அந்தச் சான்றை வைத்துச் சகோதரர்கள் நிலத்தைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். இதற்குப் பதினைந்து நாளுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டும். அந்தப் பதினைந்து நாள் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

கடிதத்தோடு அவர் முன்னால் போய் நின்றேன். திரையில் எண் ஓடிக்கொண்டிருந்தது.

"இதுக்குப் பதில் எழுதுனீங்களா?"

அவர் திரும்பவில்லை. "எழுதணும்."

"நாள் தாண்டிருச்சு."

"தெரியும். இந்த ஓட்டம் முடியட்டும்."

"நீங்க அந்த ஊருக்குப் போனீங்களா, இல்லையா?"

"முடியட்டும்னு சொல்லுதேம்லா" என்றார். குரலை உயர்த்தவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே. எங்கள் சண்டைகளைக்கூட அப்போது கிசுகிசுவென்றுதான் போட்டோம். மறுநாள் காலை அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் கதவைப் பூட்டிவிட்டுப் போனேன்.

அன்று மதியம் ஒரு மணிக்கு மேல், ஆசிரியர் அறையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எதிர்வீட்டு அக்கா.

"டீச்சர், ஒங்க வீட்டு ஜன்னல் இடுக்குல பொக வருது. நல்லாப் பொகையுது. கதவுல பூட்டு தொங்குது. சாவியக் கொண்டுட்டு வாங்க சீக்கிரம்."

"இந்தா வாரேன் அக்கா" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

உள்ளே ஆள் இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. மறந்துபோகவும் இல்லை. நாக்கு வரைக்கும் வந்தது. ஏழு வாரமாக எதை மறைத்தேனோ அதைத்தான் அப்போதும் கை தானாகப் பொத்தியது. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிக்கொண்டே அவருக்கு அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். ஆட்டோவில் ஏறி, அது தெருமுனை திரும்பியபிறகுதான் அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, பூட்ட ஒடைக்கச் சொல்லுங்க. அவங்க உள்ள இருக்காங்க."

"யாரு உள்ள இருக்கா?"

"எங்க வீட்டுக்காரங்கதான்."

 அக்கா யாரையோ நோக்கிக் கத்துவது கேட்டது. முதல் அழைப்புக்கும் இரண்டாவது அழைப்புக்கும் நடுவே நான்கு நிமிடம். போனில் பதிவாகியிருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்து கிடந்தது. தறிக்கூடத்து ஆட்கள் கம்பியால் நெம்பியிருந்தார்கள். மெயின் சுவிட்ச் எங்கள் வீட்டில் வெளி வராந்தாவில் இருக்கிறது. உள்ளே இருந்தவரால் அதை அணைத்திருக்க முடியாது. யாரோ அதை அணைத்துவிட்டு, மண்ணை வாரி உள்ளே கொட்டியிருந்தார்கள். மேஜைக்கடி முழுதும் கரி. கட்டில் மெத்தை பாதி எரிந்து நாறியது. கம்ப்யூட்டரின் கண்ணாடி புகையால் கறுத்து, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அவர் எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். வலது கையை ஒரு வாளித் தண்ணீருக்குள் வைத்திருந்தார். பனியன், வேட்டி. தெருவே சுற்றி நின்றது. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

எரிந்துகொண்டிருந்த வயரைத் துண்டைச் சுற்றிய கையால் சுவரிலிருந்து பிடுங்கியிருக்கிறார். உருகிய பிளாஸ்டிக் உள்ளங்கையில் ஒட்டிவிட்டது. போர்வையைப் போட்டு அமுக்கிப் பார்த்திருக்கிறார். புகை தாங்காமல் பின்பக்கம் போயிருக்கிறார். அதற்குள் வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

அக்கா என்னைத் தனியாக இழுத்துச் சொன்னாள். "கதவத் தட்டித் தட்டிக் கூப்ட்டோம் டீச்சர், உள்ள யாரும் இருக்கியளான்னு. பதிலே இல்ல. நீங்க போன் பண்ணப்பொறவு ஒடைச்சு உள்ள போனா ஆளக் காணும். பாத்ரூம் உள்ள தாப்பாள் போட்டிருக்கு, தண்ணி சத்தம் கேக்கு. 'அண்ணாச்சி, கதவத் தொறங்க'ன்னு எங்க வீட்டு ஆளு எத்தன தடவ கெஞ்சுனாருன்னு நெனைக்கிய."

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். விரல்களுக்கு ஆபத்தில்லை, தோல் மட்டும்தான் என்றார்கள். அன்று மாலை எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை. அக்கா இட்லி கொண்டுவந்தாள். அவர் உள்ளறையில் படுத்திருந்தார். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எம்புட்டு நாளா டீச்சர் இப்படி இருக்காங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"எங்ககிட்டச் சொன்னா நாங்க என்ன சிரிக்கவா போறோம். தனியாப் பூட்டிப்போட்டுட்டு வேலைக்குப் போயிருக்கிய. மனசு என்ன பாடு பட்டிருக்கும். தென்காசில ஒரு டாக்டரு இருக்காரு. எங்க சித்தப்பா மகன் இதைவிட மோசமா இருந்தான், இப்ப கல்யாணமே ஆயிருச்சு."

நான் இட்லிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். உள்ளே போனேன். அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது.

"அப்படியே இருக்கட்டும்" என்றார்.

"எது?"

"அவுக நெனைக்கது."

"கிறுக்குன்னு நெனைக்காங்க ஒங்கள."

"கிறுக்குன்னா பாவம்னு சொல்லுவாங்க. மத்தத அப்படிச் சொல்ல மாட்டாங்க."

அடுத்த ஒரு வாரம் அப்படியே போனது. தெருவில் எல்லோரும் எங்களிடம் மெதுவாகப் பேசினார்கள். பிள்ளைகளை எங்கள் வாசலில் விளையாட வேண்டாம் என்றார்கள், கோபத்தில் இல்லை, அவருக்குத் தொந்தரவாக இருக்கும் என்று. தீராத நோயும் தீரும் என்று அக்கா கோயிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து, குழைத்து அவர் நெற்றியில் பூசிவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பச்சைப்பிள்ளைபோல் நெற்றியைக் காட்டினார். நான் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். அந்த மண்ணுக்காக அவள் வெயிலில் வரிசையில் நின்றிருக்கிறாள். நாங்கள் இருவரும் அவளை ஏமாற்றிக்கொண்டிருந்தோம்.

மகளுக்கு நான் போன் செய்து, வீட்டில் சின்னத் தீ, அப்பா கையில் காயம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அந்த வாரக் கடைசியில், சனிக்கிழமை காலை வந்து இறங்கினாள். அப்பாவைப் பார்த்துவிட்டு நேராகத் தன் அறைக்குப் போனாள். கறுத்த பெட்டியைத் திறந்தாள். பிறகு மேஜைக்கடியில் குனிந்து, கரிந்த அட்டையையும், உருகிக் கட்டியாகிப்போன வயர் வளையத்தையும் வெளியே எடுத்து என்னிடம் காட்டினாள்.

"கம்ப்யூட்டர்ல தப்பு இல்லம்மா. இந்த வயரு மெல்லிசு. இதுல அவ்வளவு லோடு போட்டு, சுருட்டிக் கட்டி, அட்டைக்குள்ள மூடி வச்சா சூடு எங்க போகும்?"

நான் தலையாட்டினேன். அவள் அந்தக் கட்டியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"தெருமுக்குல ஒரு ஆச்சி என்னப் பாத்து அழுதாங்க. அப்பாவ பூட்டி வச்சிருந்தியா?"

"ஆமா."

"அப்பா பூட்டச் சொன்னாங்களா?"

"இல்ல. நான்தான் சொன்னேன்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் அறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். நானும் வாசலில் நின்றேன். அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடியே பேசினார்.  எனக்குச் சொல்லாததை எல்லாம் அவளிடம் சொன்னார்.

"நான் அந்த ஊருக்குப் போகல. போனதா எழுதிட்டேன். மூத்த மகன் ஆபீசுக்கு வந்தான். நாங்க ரெண்டு பேருதான்னான். நல்லாப் பேசுனான். அன்னைக்கு நெறய பைல் கெடந்துச்சு, வெயிலும் அப்படி. ரெண்டுன்னு எழுதிட்டேன்."

"அந்தப் பொண்ணு?"

"இளையரசனேந்தலுக்கு அங்கிட்டு கட்டிக்குடுத்திருக்காங்க. ஆடு மேய்க்கா. பேரு விட்டுப்போனதே அவளுக்கு ஒரு வருசம் கழிச்சுத்தான் தெரிஞ்சிருக்கு."

 மகள் எழுந்துபோய்த் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். "விளக்கம் எழுதணும்ல. ஒங்களால எழுத முடியாது. சொல்லுங்க, நான் அடிக்கேன்" என்றாள்.

அவர் சொல்லத் தொடங்கினார். அலுவலக நடையில் நீளமாக வந்தது. பணிச்சுமை காரணமாகவும், ஆட்பற்றாக்குறை காரணமாகவும், மனுதாரர் உண்மையை மறைத்த காரணத்தாலும். மகளின் விரல்கள் நின்றன.

"அப்பா, போனீங்களா போகலையா, அத மட்டும் சொல்லுங்க."

அவர் சுவரைப் பார்த்தார். "நான் நேரில் செல்லவில்லை" என்றார். அவள் அதை அடித்தாள். அதற்குமேல் ஐந்தாறு வரிகள்தான். அச்செடுத்து வந்ததும் இடது கையால் கையெழுத்துப் போட்டார். அது அவருடைய கையெழுத்துப் போலவே இல்லை. திங்கட்கிழமை காலை நானே கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கிருந்தவர் தேதியைப் பார்த்துவிட்டு, "ரொம்ப லேட்டு" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

அங்கிருந்து திரும்பியதும் வீட்டுக்குள் போகாமல் எதிர்வீட்டுக்குப் போனேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவங்களுக்குக் கிறுக்கெல்லாம் இல்ல. வேலைல சஸ்பெண்ட் ஆயிருக்காங்க. தப்பு அவங்க மேலதான், லஞ்சம் இல்ல, ஆனா தப்புதான். யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நான்தான் பூட்டி வச்சேன்."

அவள் கையிலிருந்த வெங்காயத்தைத் தட்டில் வைத்தாள்.

"இதுக்கா டீச்சர் பூட்டுனிய?"

"ஆமா."

"நான் போன் போட்ட ஒடனே சொல்லியிருக்கலாம்ல, உள்ள ஆளு இருக்குன்னு. நான் வாசல்ல நின்னு வேடிக்கை பாத்துட்டுல்ல இருந்தேன்."

  அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதன்பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் அவள் எங்கள் வாசலுக்கு வரவில்லை. கோலம் போடும்போது பார்த்தால் சிரிப்பாள், அவ்வளவுதான். தெருவில் விஷயம் பரவ ஒருநாள் போதுமானதாக இருந்தது. சான்று கேட்டு வருபவர்கள் வருவதை நிறுத்தினார்கள்.

அவர் என்னிடம் ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள், "ஒன்ன யாரு சொல்லச் சொன்னா?" என்றார். "யாரும் சொல்லல" என்றேன். அத்தோடு முடிந்தது. ஆனால் அன்றிலிருந்து காலையில் எழுந்து வாசலில் வந்து நின்று பேப்பர் படித்தார். பகலில் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தார். யாராவது கேட்டால், "ஆமா, வீட்லதான் இருக்கேன்" என்றார். முதல் வாரம் அவர் போய்த் திரும்பும்வரை எனக்கு உயிரே இருக்காது.

மாசியில் விசாரணை முடிந்தது. ஊதிய உயர்வை நிறுத்தி, வேறு ஊருக்கு மாற்றி, வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறார். உள்ளங்கைத் தோல் இன்னும் இறுக்கமாக இருக்கிறது, பேனாவைக் கொஞ்சம் சாய்த்துத்தான் பிடிக்க வேண்டும். பழைய சான்றை ரத்து செய்துவிட்டார்கள், அந்தப் பெண்ணின் பெயரைச் சேர்த்துப் புதிதாகக் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். ஆனால் நிலத்தில் ஒரு பகுதியை அண்ணன்மார் அதற்குள் விற்றுவிட்டார்களாம். வழக்கு நடக்கிறது. ஒருநாள் போய் அவளைப் பார்க்கலாமா என்று அவரிடம் கேட்டேன். "பாத்து என்னன்னு சொல்ல?" என்றார். எனக்கும் தெரியவில்லை. இன்றுவரை போகவில்லை.

கம்ப்யூட்டரில் பிழைத்த பாகங்களை மகள் கழற்றித் துடைத்துக் கோயம்புத்தூருக்கு எடுத்துப்போய்விட்டாள். அவளுடைய அறைக்குச் சுண்ணாம்பு அடித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். முன்பெல்லாம் என்னோடு தனியாகப் பேசி, "அப்பா எப்படி இருக்காங்க?" என்பாள். பிறகு அப்பாவிடம் தனியாகப் பேசி, "அம்மா எப்படி இருக்கா?" என்பாள். இருவரும், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுவோம். போன மாதத்திலிருந்து அவள் அப்படிக் கேட்பதில்லை. இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்து, போனை ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள்.